ரேம் கூட்டிய பிறகு கம்ப்யூட்டர் நின்றுபோகிறதா? அறிகுறி பார்த்துக் கோளாறு பிடிக்கும் வழி

என் மகளின் முதல் பிறந்தநாளுக்கு எடுத்த படங்களில் முப்பதுக்கு மேல் இன்று பாதிப் படமாகத்தான் இருக்கின்றன. மேலே கேக்கும் பலூனும் தெரியும். கீழே முழுக்கச் சாம்பல் பட்டை. அந்த வாரம்தான் பெங்களூரில் கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் எஸ்.பி. ரோட்டில் 8 ஜிபி ரேம் ஒன்று வாங்கி வந்து மாட்டியிருந்தேன். நாளுக்கு ஒன்றிரண்டு முறை நீலத் திரை வரும், கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகும். விண்டோஸ் அப்டேட் ஏதோ தகராறு செய்கிறது என்று நினைத்து, போனில் இருந்த படங்களை எல்லாம் கம்ப்யூட்டருக்கு ஏற்றிவிட்டுப் போனில் அழித்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து மெமரி டெஸ்ட் ஓட்டினேன். ஐந்தே நிமிடத்தில் சிவப்பு வரிகள் திரையை நிறைத்தன. படங்கள் திரும்பி வரவில்லை.

ரேம் கெட்டிருந்தால் கம்ப்யூட்டர் நின்றுபோவது பெரிய நஷ்டம் இல்லை. நிற்காமல் ஓடுகிற நேரத்தில் அது செய்கிற வேலைதான் நஷ்டம். ஒரு கோப்பைக் காப்பி செய்தால் அது முதலில் ரேமுக்கு வந்து, அங்கிருந்துதான் டிஸ்க்குக்குப் போகிறது. ரேமில் ஒரு பிட் புரண்டால் புரண்டபடியே டிஸ்க்கில் எழுதப்பட்டுவிடும். சர்வர்களில் ஈசிசி என்று ஒரு பிழைதிருத்தம் இருக்கிறது. வீட்டுக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் அது கிடையாது. புதிய தலைமுறையான டிடிஆர்5 ரேமில் சிப்புக்குள்ளேயே ஒரு திருத்தம் உண்டு. ஆனால் சிப்பிலிருந்து பிராசஸருக்குப் போகும் வழியில் நேரும் பிழை அதன் கண்ணில் படாது.

அதனால் ஸ்குரூ டிரைவரை எடுக்கும் முன்பே செய்ய வேண்டியது இது: எக்ஸ்டர்னல் டிஸ்க் செருகியிருந்தால் கழற்றிவிடுங்கள். பேக்கப் தானாக ஓடும்படி வைத்திருந்தால் நிறுத்துங்கள், இல்லையென்றால் கெட்ட கோப்பு நல்ல கோப்பின் மேல் போய் உட்காரும். போனிலோ கேமராவிலோ இருக்கும் எதையும் அழிக்காதீர்கள். கோளாறு எது என்று தெரியும் வரை இந்தக் கம்ப்யூட்டரில் எதையும் சேமிக்க வேண்டாம்.

அப்புறம் கழற்றி மாட்டும் முறை. விண்டோஸில் சாதாரணமாக ஷட் டவுன் கொடுத்தால் அது முழுதாக அணைவதில்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற ஏற்பாட்டினால் பாதி நினைவை டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொண்டு தூங்குகிறது. ரேமை மாற்றிவிட்டு அதை எழுப்பினால் குழப்பம் வரலாம். ஷிப்ட் பட்டனை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள், முழுதாக அணையும். பிறகு பின்பக்க வயரை உருவிவிட்டு, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். இங்கே பெங்களூரில் ஜனவரி முதல் மார்ச் வரை காற்று நன்றாக வறண்டிருக்கும். பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து கதவுக் கைப்பிடியைத் தொட்டாலே சுரீர் என்று அடிக்கும். அந்த அடி ரேமுக்குப் போனால் போதும், அது முடிந்தது. கேபினெட்டின் பெயிண்ட் இல்லாத இரும்புப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ரேமை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள்.

இன்னொன்று. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். ரேமையும் மாற்றி, மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸையும் அப்டேட் செய்து, விண்டோஸையும் புதிதாகப் போட்டுவிட்டால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. ஒரு தாளில் என்ன செய்தோம், என்ன ஆனது என்று எழுதிக்கொண்டே போங்கள்.

ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை

பத்துக்கு ஏழெட்டு இடத்தில் ரேம் சரியாக உட்காரவில்லை என்பதுதான் நான் பார்த்த காரணம். இப்போது வரும் மதர்போர்டுகள் பலவற்றில் ஸ்லாட்டின் ஒரு முனையில் மட்டும்தான் கிளிப் இருக்கும். அந்தப் பக்கம் 'டக்' என்று விழுந்ததும் மாட்டிவிட்டோம் என்று விட்டுவிடுகிறோம். கிளிப் இல்லாத முனை ஒரு மில்லிமீட்டர் மேலேயே நிற்கும். இரண்டு கட்டைவிரலாலும் இரண்டு முனைகளையும் சேர்த்து அழுத்த வேண்டும். கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. தங்க நிறப் பற்களின் வரி ஸ்லாட்டுக்கு மேலே ஒரு பக்கம் அதிகமாகவும் ஒரு பக்கம் குறைவாகவும் தெரிந்தால் இன்னும் இறங்கவில்லை என்று அர்த்தம்.

பழைய ரேமையும் கழற்றிப் பாருங்கள். நான்கைந்து வருடம் ஸ்லாட்டிலேயே இருந்த ரேமின் பற்களில் மங்கல் படிந்திருக்கும். வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள் போகாமல் ஊதித் துடைத்தால் போதும். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் கிடைத்தால் அது இன்னும் நல்லது.

டிடிஆர்5 ரேம் என்றால் அவசரப்படாதீர்கள். புது ரேமைக் கண்டதும் போர்டு அதை எந்த நேரக் கணக்கில் ஓட்டுவது என்று தானாகவே பழகிப் பார்க்கும். அதற்கு மெமரி டிரெயினிங் என்று பெயர். அந்த நேரம் முழுக்கத் திரை கறுப்பாகத்தான் இருக்கும். சில நிமிடங்கள் ஆகும், ரேம் அதிகமானால் பத்து நிமிடத்தைக்கூடத் தொடும். போர்டு கெட்டுவிட்டது என்று நடுவில் பவரை நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். கால் மணி நேரம் அப்படியே விட்டுவிட்டு வேறு வேலை பாருங்கள்.

அதற்கும் வரவில்லை என்றால், புது ரேமை எடுத்துவிட்டுப் பழையதை மட்டும் போட்டு ஆன் செய்யுங்கள். பழையதோடு ஓடினால் போர்டு நன்றாக இருக்கிறது. பழையதோடும் ஓடவில்லை என்றால் சிமாஸ் கிளியர் செய்யுங்கள்: வயரை உருவிவிட்டு, போர்டில் இருக்கும் நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரியை எடுத்து, ஐந்து நிமிடம் கழித்து மாட்டுங்கள். பயாஸ் தன் பழைய கணக்கை எல்லாம் மறந்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும்.

பழையது ஓடுகிறது, புதியது எந்த ஸ்லாட்டிலும் ஓடவில்லை என்றால், வாங்கியதே வேறு ஜாதி ரேமா என்று பாருங்கள். டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூன்றிலும் நடு வெட்டு வெவ்வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றை இன்னொன்றின் ஸ்லாட்டில் மாட்டவே முடியாது. அழுத்தி இறக்கவும் முயலாதீர்கள். சிக்கல், மாட்டினால் கச்சிதமாக மாட்டிக்கொண்டு ஓடாமல் இருப்பவற்றில்தான்.

சர்வர்களிலிருந்து கழற்றிய ரேம் செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கும். லேபிளில் 12800ஆர் என்பது போல வேகத்தின் பின்னால் 'ஆர்' இருந்தால் அது ரெஜிஸ்டர்டு ரேம். டிடிஆர்3, டிடிஆர்4 இரண்டிலும் அது சாதாரண ஸ்லாட்டில் அழகாக உட்காரும், ஆனால் வீட்டு மதர்போர்டு அதை ஏற்காது. இன்னொன்று, ஏஎம்டி போர்டுகளுக்கு மட்டும் என்று விற்கப்படும் மலிவான டிடிஆர்3 ரேம். இன்டெல் போர்டில் மாட்டினால் ஒன்றும் வராது, அல்லது வந்து விழும். எஸ்.பி. ரோட்டில் நான் ஒரு முறை கேட்டபோது, "ஹாகி சார், நடெயுத்தெ" என்று கடையில் சொன்னார்கள். போடுங்கள் ஓடும் என்று அர்த்தம். ஓடவில்லை. உங்கள் போர்டின் மாடல் எண்ணைத் தாளில் எழுதி எடுத்துப் போய்க் காட்டி, பில்லோடு வாங்குங்கள். சிக்பேட்டை மெட்ரோவில் இறங்கி அந்தக் கூட்டத்தில் இரண்டாவது முறை நடக்க வேண்டாம்.

விண்டோஸ் வருகிறது, ஆனால் நீலத் திரை விழுகிறது

நீலத் திரையின் (புதிய விண்டோஸ் 11-இல் அது கறுப்பாக இருக்கும்) கீழே ஒரு பெயர் வரும். இனி திரை விழும்போதெல்லாம் அதைப் போனில் படம் எடுத்து வையுங்கள். மூன்று நான்கு படம் சேர்ந்ததும் அடுக்கிப் பாருங்கள்.

ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயர் வருகிறதா? ஒரு முறை மெமரி மேனேஜ்மென்ட், அடுத்து பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா, அப்புறம் கெர்னல் செக்யூரிட்டி செக் ஃபெயிலியர், அப்புறம் ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல். ரேம் கூட்டிய பிறகு இப்படித் தாறுமாறாக வந்தால் என் சந்தேகம் ரேம் மேல்தான் போகும். கெட்டுப்போன நினைவிடத்தில் அந்த நேரத்தில் யார் வந்து உட்கார்ந்திருந்தார்களோ அவர்கள் விழுகிறார்கள், அதனால்தான் பெயர் மாறுகிறது. மாறாக, எப்போதும் ஒரே பெயர், கூடவே ஒரே டிரைவர் கோப்பின் பெயர் என்றால் முதலில் அந்த டிரைவரைப் பாருங்கள்.

இப்போது டெஸ்ட். விண்டோஸிலேயே ஒன்று இருக்கிறது: ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் என்று தேடினால் கிடைக்கும். ரீஸ்டார்ட் ஆகி நீலத் திரையில் சோதிக்கத் தொடங்கும். எஃப்1 அழுத்தி எக்ஸ்டெண்டட் என்பதைத் தேர்ந்துகொள்ளுங்கள். இது பிழை இருக்கிறது என்று சொன்னால் நம்பலாம். இல்லை என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன். இது நன்றாக இருக்கிறது என்று சொன்ன ரேமை, அடுத்து நான் சொல்லப்போகும் மெம்டெஸ்ட் பிடித்துக் கொடுத்ததை இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

மெம்டெஸ்ட்86, மெம்டெஸ்ட்86 பிளஸ் என்று இரண்டு தனித்தனி மென்பொருள்கள் உண்டு, இரண்டுமே இலவசமாகக் கிடைக்கும். வேறு நல்ல கம்ப்யூட்டரில் இறக்கி, ஒரு பென் டிரைவில் ஏற்றி, அந்தப் பென் டிரைவிலிருந்து பூட் செய்யுங்கள். கோளாறான கம்ப்யூட்டரிலேயே இறக்க வேண்டாம், இறக்கும் கோப்பே கெட்டுப்போகலாம். பூட் ஆகவில்லை என்றால் பயாஸில் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு ஏற்பாட்டைச் சிறிது நேரம் அணைக்க வேண்டியிருக்கலாம். அப்படிச் செய்யும் முன் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்தால் அதன் ரெக்கவரி கீயை எடுத்து வைத்துக்கொண்டு பிறகு பயாஸைத் தொடுங்கள். அது இல்லாமல் தொட்டு, முழு டிஸ்க்கும் பூட்டிக்கொண்டு தவித்தவர்கள் உண்டு.

டெஸ்ட் எவ்வளவு நேரம்? மெம்டெஸ்ட்86-இன் இலவசப் பதிப்பு நான்கு பாஸ், அதாவது நான்கு முழுச் சுற்று, ஓடும். 16 ஜிபிக்குப் பல மணி நேரம் ஆகும், அதனால் ராத்திரி படுக்கப் போகும்போது போட்டுவிட்டுக் காலையில் பாருங்கள். கரண்ட் போகிற ஏரியா என்றால் யூபிஎஸ் இருக்கட்டும். எத்தனை பிழை வரை பரவாயில்லை என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஒன்றுகூடக் கூடாது. 16 ஜிபி என்பது பதின்மூன்றாயிரம் கோடி பிட்டுக்கு மேல்; அதில் ஒன்று தவறினாலும் அந்த இடத்தில் உங்கள் மகளின் படம் உட்காரும் நாள் ஒன்று வரும்.

பிழை வந்தால், இனி யார் குற்றவாளி என்று பிரிக்க வேண்டும். புது ரேம் பட்டையை, அதாவது ஸ்டிக்கை, மட்டும் ஒரு ஸ்லாட்டில் வைத்து ஓட்டுங்கள். அப்புறம் அதே ஸ்டிக், அடுத்த ஸ்லாட். அப்புறம் பழைய ஸ்டிக், அதே இரண்டு ஸ்லாட்டுகளிலும். நான்கு இரவு போகும். முதல் பிழை எப்போது வருகிறது என்று தெரிந்துவிட்டால் அடுத்தடுத்தவை சீக்கிரம் முடியும். ஒரே ஸ்டிக் எந்த ஸ்லாட்டிலும் பிழை காட்டினால் ஸ்டிக் கெட்டது. எந்த ஸ்டிக்கை வைத்தாலும் ஒரே ஸ்லாட்டில்தான் பிழை என்றால் ஸ்லாட்டிலோ, அதிலிருந்து பிராசஸர் வரை போகும் வழியிலோ கோளாறு. இப்போது எல்லா பிராசஸர்களிலும் ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதி பிராசஸருக்குள்ளேயே இருக்கிறது. அதனால் பிராசஸர் சாக்கெட்டில் ஒரு ஊசி வளைந்திருந்தாலோ, கூலரின் ஸ்குரூவை ஒரு பக்கம் மட்டும் இறுக்கியிருந்தாலோகூட ஒரு பக்க ரேம் ஸ்லாட்டுகள் செத்தது போல இருக்கும். ரேம் மாட்டக் கை போகவில்லை என்று கூலரைக் கழற்றி மாட்டியிருந்தால் இதை மறக்காமல் பாருங்கள்.

தனித்தனியாக ஓடுகிறது, சேர்த்துப் போட்டால் விழுகிறது

அல்சூரில் ஒரு அக்கா டிடிபி கடை வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, ஃப்ளெக்ஸ், விசிட்டிங் கார்டு எல்லாம் தமிழிலும் கன்னடத்திலும் செய்து தருவார். ஒரு நாள் சாயங்காலம் போன் வந்தது.

"தம்பி, ரேம் போட்டதிலேர்ந்து ஃப்ளெக்ஸ் பைலைத் திறந்தா பத்து நிமிஷத்துல நீலமா வந்து நிக்குதுப்பா. கஸ்டமர் எதிர்லயே உக்காந்திருக்கார்."

"அக்கா, புதுசை மட்டும் போட்டுப் பாத்தீங்களா?"

"பாத்துட்டேன். புதுசை மட்டும் போட்டா ஓடுது. பழசை மட்டும் போட்டாலும் ஓடுது. ரெண்டையும் போட்டாத்தான் தகராறு."

அக்கா பாதி வேலையை அவரே முடித்துவிட்டார். போய்ப் பார்த்தேன். பழைய ஸ்டிக் 8 ஜிபி, 2666 வேகம். புதியது 8 ஜிபி, அட்டையில் 3200 என்று பெரிதாகப் போட்டிருந்தது. பயாஸில் எக்ஸ்எம்பி என்ற ஏற்பாடு ஆனில் இருந்தது.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ரேம் அட்டையில் போட்டிருக்கும் பெரிய எண் பல சமயம் அதன் இயல்பான வேகம் இல்லை. டிடிஆர்4 ரேமின் இயல்பான மின்னழுத்தம் 1.2 வோல்ட். அக்கா வாங்கியது போன்ற ஸ்டிக்கை அதன் தயாரிப்பாளர் 1.35 வோல்ட் கொடுத்து 3200-க்கு ஓட்டிப் பார்த்து, அந்தக் கணக்கை ஸ்டிக்கிலேயே ஒரு சின்னச் சிப்பில் எழுதி வைக்கிறார். அந்தக் கணக்கைத்தான் எக்ஸ்எம்பி என்கிறார்கள். ஏஎம்டிக்காக டிடிஆர்5-இல் எக்ஸ்போ என்று வேறு பெயர். அதை ஆன் செய்யாவிட்டால் ஸ்டிக் 2400 அல்லது 2666 போன்ற சாதுவான வேகத்தில் ஓடும்.

அக்காவின் போர்டில் நடந்தது இதுதான். புது ஸ்டிக் தனியாக இருந்தபோது 3200-இல் ஓடியது. அது அதற்காகவே செய்யப்பட்டது. பழையது தனியாக இருந்தபோது அதனிடம் எக்ஸ்எம்பி கணக்கே இல்லை, 2666-இல் ஓடியது. இரண்டையும் சேர்த்ததும் போர்டு புது ஸ்டிக்கின் கணக்கை எடுத்து இரண்டுக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டது. எல்லா ஸ்டிக்குகளும் ஒரே வேகத்தில்தான் ஓட முடியும். பழையதால் அந்த வேகத்தைத் தாங்க முடியவில்லை. சின்ன வேலையில் தெரியாது. முன்னூறு, நானூறு எம்பி ஃப்ளெக்ஸ் கோப்பு திறந்து ரேம் நிறையும்போது விழுந்துவிடும்.

எக்ஸ்எம்பியை ஆஃப் செய்தேன். இரண்டும் 2400-இல் ஓடத் தொடங்கின. ராத்திரி மெம்டெஸ்ட் போட்டுவிட்டுக் கடையைப் பூட்டச் சொன்னேன். காலையில் பிழை எதுவும் இல்லை. வேகம் குறைந்தது அக்காவுக்குத் தெரியவே இல்லை. 16 ஜிபி கிடைத்ததுதான் தெரிந்தது. ஃபோட்டோஷாப் போன்ற வேலைக்கு ரேமின் அளவுதான் முக்கியம், வேகம் அதற்கு அடுத்துத்தான்.

உங்களுக்கும் இதே அறிகுறி என்றால் முதலில் எக்ஸ்எம்பியை ஆஃப் செய்து ஒரு நாள் ஓட்டுங்கள். நின்றுவிட்டால், வேண்டுமானால் வேகத்தை ஒவ்வொரு படியாக 2666, 2933 என்று ஏற்றி ஒவ்வொன்றுக்கும் டெஸ்ட் போட்டுப் பார்க்கலாம். மின்னழுத்தத்தைக் கூட்டிச் சரிசெய்யச் சொல்லிப் பலர் ஆலோசனை தருவார்கள். சம்பாதிக்கிற கம்ப்யூட்டரில் அதைச் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து.

எக்ஸ்எம்பி ஆஃபிலும் இரண்டும் சேரவில்லை என்றால், எந்த ஸ்லாட்டில் மாட்டியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். நான்கு ஸ்லாட் இருக்கும் போர்டில் இரண்டு ஸ்டிக் மட்டும் போடும்போது, பெரும்பாலும் பிராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும்தான் சரியான இடம். போர்டில் ஏ2, பி2 என்று அச்சிட்டிருக்கும். பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டில் போட்டால் இரண்டும் ஒரே வழியில் நெருக்கியடித்துக்கொண்டு போகும்.

நான்கு ஸ்டிக் போட்டிருப்பவர்களுக்கு ஒன்று. நான்கு ஸ்டிக்கையும் சுமப்பது பிராசஸருக்குக் கஷ்டமான வேலை, டிடிஆர்5-இல் இன்னும் கஷ்டம். ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி தரும் கணக்கே இரண்டு ஸ்டிக்குக்கு 5200, நான்கு ஸ்டிக்குக்கு 3600 என்பதுதான். 6000 என்று போட்ட இரண்டு செட் வாங்கி நான்கையும் மாட்டிவிட்டு 6000-க்கு ஓடவில்லை என்றால் ரேம் மேல் குற்றம் இல்லை. 32 ஜிபி வேண்டுமென்றால் நான்கு எட்டுகளைவிட இரண்டு பதினாறுகள் நல்லது. ஒரே பெட்டியில் ஜோடியாக வரும் செட்டாக வாங்குங்கள். ஒரே கம்பெனி, ஒரே மாடல் எண் என்றாலும் வெவ்வேறு சமயம் வாங்கிய ஸ்டிக்குகளில் உள்ளே இருக்கும் சிப் வேறாக இருக்கலாம்.

சின்ன வேலைக்குச் சரி, பெரிய வேலையில்தான் விழுகிறது

எக்ஸ்எம்பி ஆஃபில் இருந்தும் இப்படி என்றால், ரேமின் மேல்பகுதியில் ஒரு மூலை கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். பிரௌசரும் வேர்டும் ஓடும்போது அந்த மூலைக்கு வேலையே வராது. கேமோ வீடியோ எடிட்டிங்கோ வந்து இடம் நிறைந்ததும் அங்கே போய் மிதிக்கும். முழு மெம்டெஸ்ட் இதைப் பிடித்துவிடும். டெஸ்ட் சுத்தம் என்றால், வெப்பத்தையும் கிராபிக்ஸ் கார்டையும் பாருங்கள், கீழே சொல்கிறேன்.

போட்ட ரேம் முழுதாகக் காட்டவில்லை

இதில் கம்ப்யூட்டர் விழாமலும் இருக்கலாம். 32 பிட் விண்டோஸ் என்றால் எவ்வளவு போட்டாலும் மூன்றேகால், மூன்றரை ஜிபிதான் பயன்படும். 64 பிட்டுக்கு மாறுவதைத் தவிர வழி இல்லை. போர்டுக்கும் உச்சவரம்பு உண்டு: இன்னும் பல வீடுகளில் ஓடும் பழைய ஹெச்61 போர்டுகளில் 16 ஜிபிக்கு மேல் ஏறாது. விண்டோஸின் சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் பூட் பகுதியில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸுக்குள் மேக்ஸிமம் மெமரி என்ற பெட்டியில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். பயாஸே பாதியைத்தான் காட்டுகிறது என்றால் மேலே சொன்ன ஸ்லாட், ஊசி, கூலர் சோதனைக்குத் திரும்புங்கள்.

கம்ப்யூட்டரின் பாகங்களைப் பற்றிய விவரம் காட்டும் சிபியு-இசட் மென்பொருளைப் போட்டுப் பார்த்துவிட்டு 3200 வாங்கினேன், 1600 காட்டுகிறது என்று பதறுகிறார்கள். பதற வேண்டாம், அது சரிதான். டிடிஆர் ரேம் ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தகவல் அனுப்பும். சிபியு-இசட் துடிப்பைக் காட்டுகிறது.

தூங்கி எழும்போது மட்டும் விழுகிறது

நினைவை டிஸ்க்கில் எழுதிவிட்டுத் தூங்கும் ஹைபர்னேட் ஏற்பாட்டை ஒரு முறை அணைத்து மறுபடி ஆன் செய்யுங்கள், ரேமின் அளவுக்கு ஏற்றபடி அதன் கோப்பு புதிதாக உருவாகும். பயாஸ் அப்டேட் இருந்தால், கம்ப்யூட்டர் அந்த நேரத்தில் நிலையாக ஓடுகிறது என்று உறுதியான பிறகு போடுங்கள். விழுந்து விழுந்து எழும் கம்ப்யூட்டரில் பயாஸ் அப்டேட் போடவே கூடாது. நடுவில் நின்றால் போர்டே போய்விடும்.

லேப்டாப்பில் கூட்டியவர்களுக்கு

பல லேப்டாப்புகளில் ஒரு பகுதி ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், கூட ஒரு ஸ்லாட் இருக்கும். பற்றவைத்ததைக் கழற்றி டெஸ்ட் செய்ய வழியில்லை. ஸ்லாட்டில் இருப்பதை எடுத்துவிட்டு ஒரு டெஸ்ட், போட்டு ஒரு டெஸ்ட், அவ்வளவுதான் முடியும். பின்மூடியைத் திறந்ததும் முதல் வேலையாக உள்ளே இருக்கும் பேட்டரியின் வயரைக் கழற்றுங்கள். ரேமைச் சாய்வாகச் செருகி, பிறகு கீழே அழுத்த வேண்டும். முழுக்கச் செருகாமல் அழுத்தினால் இரண்டு பக்கக் கிளிப்பும் பிடித்துக்கொள்ளும், பற்கள் மட்டும் பாதியில் நிற்கும்.

டிடிஆர்3 காலத்து லேப்டாப் என்றால் மின்னழுத்தம் முக்கியம். சாதாரண டிடிஆர்3 1.5 வோல்ட்டில் ஓடும், டிடிஆர்3எல் 1.35 வோல்ட்டில் ஓடும். 1.35 மட்டும் தரும் லேப்டாப்பில் 1.5 ஸ்டிக்கைப் போட்டால் பெரும்பாலும் திரையே வராது. லேபிளில் பிசி3எல் என்று இருக்கிறதா பாருங்கள், அந்த 'எல்' தான் கணக்கு.

டெஸ்ட் எல்லாம் பாஸ், இன்னும் விழுகிறது

ரேம் கூட்டியதால்தான் வந்தது என்று ஒரு மாதம் ரேமையே மாற்றிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. ரேம் கூட்டும்போது நடந்தது ரேம் மட்டும் இல்லை. கேபினெட்டைத் திறந்தோம், சாய்த்தோம், கையை விட்டோம். பிராசஸருக்குப் போகும் பவர் வயரும் மதர்போர்டுக்குப் போகும் 24 ஊசி வயரும் முழுக்க உட்கார்ந்திருக்கின்றனவா? கிராபிக்ஸ் கார்டு ஒரு பக்கம் தொங்குகிறதா? எஸ்எஸ்டி வயர் தளர்ந்ததா? ஏதாவது வயர் ஃபேனில் மாட்டி நிறுத்தியிருக்கிறதா? மெட்ரோ வேலையும் மேம்பால வேலையும் நடக்கிற ஏரியாவில் இருந்தால் கூலரின் பட்டைகளுக்குள் தூசி கம்பளி போல அடைந்திருக்கும், அதையும் ஊதிவிடுங்கள். டபிள்யூஹெச்இஏ அன்கரெக்டபிள் எரர் என்று நீலத் திரை வந்தால் பிராசஸரின் வெப்பத்தையும் பவர் சப்ளையையும் பாருங்கள். புது ஸ்டிக்கினால் பவர் சப்ளை திணறுகிறது என்று கடையில் சொன்னால் உடனே புது பவர் சப்ளை வாங்காதீர்கள். ஒரு ஸ்டிக் இழுப்பது சில வாட்தான்.

கடைசியாக ஒரு சோதனை: புது ரேமை எடுத்துவிட்டுப் பழையபடி இரண்டு நாள் ஓட்டுங்கள். அப்போதும் விழுந்தால் புது ரேம் நிரபராதி.

கோளாறு பிடிபட்ட பிறகு

கெட்ட ஸ்டிக்கைக் கழற்றியதும் வேலை முடிந்துவிடாது. அது இருந்த நாட்களில் விண்டோஸின் சொந்தக் கோப்புகளும் கெட்டிருக்கலாம். அட்மினிஸ்ட்ரேட்டராகக் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து சிஸ்டம் ஃபைல் செக்கரை ஓட்டுங்கள், அதன் பிறகு டிஸ்க் செக். அந்த நாட்களில் சேமித்த உங்கள் கோப்புகளையும் திறந்து பாருங்கள்: ஜிப் கோப்புகள் பிரிகின்றனவா, படங்கள் அடிவரை தெரிகின்றனவா, கணக்கு எழுதிய எக்ஸெல் திறக்கிறதா. கெட்டது எதுவும் இருந்தால், மூலம் போனிலோ மெயிலிலோ இன்னும் இருக்கும்போதே மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டிக்கைத் திருப்பிக் கொடுக்கப் போகும்போது, சிவப்பு வரிகள் தெரியும் திரையையும், ஸ்டிக்கின் சீரியல் எண் தெரியும் லேபிளையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். லேபிளை உரிக்காதீர்கள், வாரண்டி போய்விடும். கடையில் அவர்கள் போர்டில் மாட்டி விண்டோஸ் வந்ததும் "ஓடுதே சார்" என்பார்கள். எக்ஸ்எம்பி ஆஃபில் எத்தனையாவது நிமிடத்தில் பிழை வந்தது என்று எழுதி வைத்த தாளைக் காட்டி, அதே டெஸ்டை அங்கேயே ஓட்டச் சொல்லுங்கள். எனக்குப் பத்து நாளில் மாற்றித் தந்தார்கள்.

மாற்றி வந்த ஸ்டிக்கையும் அப்படியே நம்பவில்லை. அன்று ராத்திரி பென் டிரைவைச் செருகி டெஸ்டைப் போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் நான்கு பாஸும் சுத்தமாக முடிந்திருந்தது. அதற்கு அப்புறம்தான் எக்ஸ்டர்னல் டிஸ்க்கை மறுபடி செருகினேன்.